தெருவுக்கு உங்களைத் தெரியும், வார்டுக்குத் தெரியுமா?

மேற்கு மாவட்டம் ஒன்றிலிருந்து 43 வயது வாசகி ஒருவர், கவுன்சிலர் தேர்தலில் நிற்கலாமா என்று கேட்டு, வக்கீலான எனக்கு ஏழு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஊர், வார்டு எண், கட்சிப் பெயர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் சொல்கிறேன்.

மாநகராட்சி எல்லைக்குள் 340 வீடுகள் உள்ள ஒரு நகரில் வசிக்கிறார். வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறார். கணவர் அரசு மேல்நிலைப் பள்ளி ஆசிரியர். ஆறு ஆண்டுகளாகக் குடியிருப்போர் நலச்சங்கத்தின் செயலாளர். எரியாத தெருவிளக்கு, வராத குப்பை வண்டி, மழை பெய்தால் வாசலில் நிற்கும் தண்ணீர் என்று எதற்கும் இவர்தான் மனுவோடு மண்டல அலுவலகம் போகிறார். 2023-ல் 17 நாள் குடிநீர் வராதபோது தெருப் பெண்களோடு சாலை மறியல் செய்திருக்கிறார். போலீஸ் கல்யாண மண்டபத்தில் உட்காரவைத்து, எலுமிச்சை சாதம் கொடுத்து, சாயங்காலம் அனுப்பிவிட்டது. போன வருடம் இரண்டு திருட்டு நடந்ததும், நகரின் பின்பக்கத் தெருவில் சங்கம் ஓர் இரும்பு கேட் போட்டது. இரவு 10 மணிக்குப் பூட்டி காலை 5 மணிக்குத் திறக்கிறார்கள்.

இப்போது எல்லோரும் “அக்கா, நீங்களே கவுன்சிலருக்கு நில்லுங்க” என்கிறார்கள். சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் 612 பேர் இருக்கிறார்கள். ஒரு கட்சியின் வட்டச் செயலாளர் வீடு தேடி வந்து, 15 லட்சம் ரெடி பண்ணினால் சீட் வாங்கித் தருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார். மகன் வேலை போய்விடும் என்று மாமியார் பயப்படுகிறார். இப்போது பெண்கள் வார்டு, அடுத்த முறை பொது வார்டு ஆகிவிட்டால் பெண் நிற்க முடியாதாமே என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். சங்கப் பொறுப்பை ராஜினாமா செய்யவேண்டுமா, சொத்து வரி இரண்டு அரையாண்டு பாக்கி இருக்கிறதே, சுயேச்சையாக நின்று டெபாசிட் போனால் அசிங்கமில்லையா என்ற கேள்விகளும் இருக்கின்றன. கடைசி வரி: “எங்க நகர் ஓட்டு மொத்தமும் எனக்குத்தான் மேடம். ஜெயிச்சா முதல் வேலையா பாதாள சாக்கடையை முடிச்சுடுவேன்.”

அன்புள்ள சகோதரிக்கு,

நிற்க வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. ஆறு வருடம் மனு எழுதிய கை, எந்த அலுவலரிடம் எந்த வேலை என்று தெரிந்த தலை, இரண்டும் மன்றத்துக்குள் அபூர்வம். ஆனால் உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது ஒன்று உறுத்தியது. ஏழு பக்கத்தில் ‘எங்க நகர்’ என்று பல இடத்தில் வருகிறது. ‘எங்க வார்டு’ என்று இரண்டே இடம். உங்கள் வார்டில் 9,000 வாக்காளர்களுக்கு மேல் இருப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 340 வீட்டில் வீட்டுக்கு மூன்று ஓட்டு என்று தாராளமாகப் போட்டாலும் ஆயிரம்தான் வரும். மீதி எட்டாயிரம் பேர் கடிதத்தில் எங்கே? ஒரே ஒரு இடத்தில் வருகிறார்கள், “வாய்க்கால் அந்தப் பக்கம் ஹவுசிங் போர்டு ஆளுங்க” என்று. அதுவும் கேட் போட்ட கதையில்.

அந்தக் கேட்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் சட்ட விஷயங்கள்.

தேதியும் வார்டும்

நகர்ப்புறத் தேர்தல் கடைசியாக 2022 பிப்ரவரி 19-ல் நடந்தது. கவுன்சிலர்கள் மார்ச் 2-ல் பதவியேற்றார்கள். முதல் கூட்டத்திலிருந்து ஐந்து ஆண்டு என்பது அரசியல் சட்டத்தின் கணக்கு. அதன்படி 2027 மார்ச் தொடக்கத்தோடு பதவிக்காலம் முடிகிறது. அதற்குள் தேர்தல் நடந்தாக வேண்டும். ஆனால் இதற்கு முந்தைய மன்றத்தின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அறிவித்த தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதன்பின் ஐந்து வருடத்துக்கு மேல் தனி அலுவலர்கள்தான் மாநகராட்சிகளை நடத்தினார்கள். அதனால் ஒரு தேதியை நம்பி டியூஷனை நிறுத்திவிடாதீர்கள்.

‘பொது வார்டு’ என்றால் ஆண்கள் வார்டு இல்லை, யாரும் நிற்கலாம். சென்னையின் 200 வார்டுகளில் 2022-ல் 84 பொது, 84 பெண்கள் பொது, 16 எஸ்.சி. பொது, 16 எஸ்.சி. பெண்கள் என்று பிரித்தார்கள். பெண்களுக்குப் பாதி ஒதுக்கிய பிறகும் மீதிப் பாதியில் பெண் நிற்பதைச் சட்டம் தடுக்கவில்லை. உங்கள் வார்டு எஸ்.சி. வார்டாக மாறி, நீங்கள் அந்தப் பிரிவில் இல்லையென்றால்தான் அங்கே நிற்க முடியாது. அப்போதும் அதே மாநகராட்சியின் வேறு வார்டில் நிற்கலாம். வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் மாநகராட்சிக்குள் எந்த வார்டில் இருந்தாலும் போதும்.

ஆனால் உங்களை முன்மொழிகிறவர் போட்டியிடும் வார்டின் வாக்காளராக இருக்கவேண்டும். இதில்தான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். 2022 பிப்ரவரி 5, வேட்புமனுப் பரிசீலனை. நான் வக்கீலாக இருந்த வேட்பாளர் ஒருவருக்காக ஒரு மண்டல அலுவலகத்தில் காத்திருந்தேன். எங்களுக்கு முன்னால் ஒரு சுயேச்சை, ஓய்வுபெற்ற வங்கி ஊழியர். சந்தன நிறச் சட்டை, கையில் பிளாஸ்டிக் ஃபைல், ஒவ்வொரு தாளுக்கும் மூன்று ஜெராக்ஸ். அலுவலர் வார்டுப் பட்டியலை எடுத்து, முன்மொழிந்தவர் பெயரை விரலால் தேடிக்கொண்டே போனார். பக்கம் முடிந்தது, அடுத்த பக்கம், பெயர் இல்லை. முன்மொழிந்தவர் அவர் வீட்டுக்கு எதிரே மருந்துக்கடை வைத்திருப்பவர், முப்பது வருடப் பழக்கம். அந்தத் தெரு வார்டின் எல்லை. இந்த வரிசை ஒரு வார்டு, எதிர்வரிசை அடுத்த வார்டு. நாலு நிமிடத்தில் மனு தள்ளுபடி. “எதிர்வீடுங்க, எதிர்வீடு” என்று சொல்லிக்கொண்டே வெளியே வந்தார்.

தள்ளுபடி ஆன பிறகு ஹைகோர்ட்டுக்கு ஓடி மாற்றிவிடலாம் என்று நினைக்காதீர்கள். உள்ளாட்சித் தேர்தல் ஒன்றை எதிர்க்க, முடிவு வந்தபின் தேர்தல் மனு போடுவதுதான் வழி என்கிறது அரசியல் சட்டத்தின் 243 இசட்.ஜி. பிரிவு. அது முடிவதற்குள் அடுத்தவர் பாதிப் பதவிக்காலத்தைக் கழித்துவிடுவார். அதனால்தான் மேடையைவிடக் காகிதத்தைப் பற்றியே அதிகம் சொல்லப்போகிறேன்.

இன்றே செய்யவேண்டியது, பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளாட்சித் தேர்தலுக்கான வார்டுப் பட்டியல் சட்டமன்ற வாக்காளர் பட்டியலை வைத்துத்தான் தயாராகிறது. 2025 இறுதியில் நடந்த சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் தமிழ்நாட்டின் வரைவுப் பட்டியலிலிருந்து 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் போயின. அட்டை கையில் இருக்கிறது, போன தேர்தலில் ஓட்டுப் போட்டேன் என்பதெல்லாம் போதாது. உங்கள் பெயர், கணவர் பெயர், முன்மொழியப் போகிறவர் பெயர் மூன்றையும் தேடி, வரிசை எண்ணோடு குறித்து வையுங்கள். எல்லை மாறவும் வாய்ப்பு உண்டு. பக்கத்து ஊராட்சிகளைச் சேர்த்து மாநகராட்சிகளை விரிவாக்கும் வேலை நடந்து வருகிறது. அறிவிக்கை வரும் நாளில் இன்னொரு தடவை சரிபாருங்கள்.

2021-ல் கோவை மாவட்டத்தில் ஓர் ஊராட்சி வார்டு இடைத்தேர்தலில் ஒரே ஒரு ஓட்டு வாங்கிய வேட்பாளரை நாடே கேலி செய்தது நினைவிருக்கும். வீட்டில் இருப்பவர்கள்கூடப் போடவில்லையா என்று சிரித்தார்கள். அவர் வீட்டு ஓட்டெல்லாம் வேறு வார்டில் இருந்தது என்பது அந்தச் சிரிப்பில் அமுங்கிப்போனது.

உங்கள் கணவரின் வேலை

மாமியாரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். அரசு ஊழியரின் மனைவி தேர்தலில் நிற்க எந்தத் தடையும் இல்லை. நீங்கள் நிற்பதற்காக அவர் வேலை போகாது. அவர் என்ன செய்கிறார் என்பதில்தான் ஆபத்து. தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் அவர் ஓட்டுப் போடுவதைத் தடுக்கவில்லை, ஓட்டுக் கேட்பதைத் தடுக்கின்றன. முன்மொழியக் கூடாது, பூத் ஏஜென்டாக உட்காரக் கூடாது, நோட்டீஸ் கொடுக்கக் கூடாது, உங்கள் சின்னத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்கக் கூடாது. இந்தக் கடைசி விஷயத்தில்தான் பாசக்காரக் கணவர்கள் மாட்டுகிறார்கள். ஒரு ஸ்கிரீன்ஷாட் போதும், மெமோ வந்துவிடும். அவர் ஆசிரியர் என்பதால் அந்த நாட்களில் பெரும்பாலும் தேர்தல் பணியே போட்டுவிடுவார்கள், வீட்டில் இருக்கவே நேரம் இருக்காது. கவுன்சிலரான மனைவிக்குப் பதிலாகக் கணவர் நாற்காலியில் உட்கார்ந்து வார்டை நடத்தும் வழக்கம் நம் ஊரில் இருக்கிறது. உங்கள் வீட்டில் அது நடக்க வழியில்லை என்பதை ஒரு சௌகரியமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

வேறொன்றுக்கு வீட்டில் தயாராகுங்கள். மனுவோடு தரும் உறுதிமொழிப் பத்திரத்தில் உங்கள் சொத்து, கடன் மட்டுமல்ல, கணவருடையதும் எழுதவேண்டும். நகை எத்தனை பவுன், வங்கியில் எவ்வளவு, யாரிடம் எவ்வளவு கடன் எல்லாம் வரும். அது யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய ஆவணம். இந்தப் பத்திரம் தயாரிக்கும்போதுதான் கணவர் எடுத்த கூட்டுறவு சங்கக் கடனோ, மனைவி அடகு வைத்த வளையலோ முதல்முறையாக வெளியே வந்த குடும்பங்களை என் அலுவலகத்திலேயே பார்த்திருக்கிறேன். அந்தப் பேச்சை இப்போதே, நிதானமாக முடித்துக்கொள்ளுங்கள். எந்தக் கட்டத்தையும் வெறுமனே விடாதீர்கள். இல்லையென்றால் ‘இல்லை’ என்று எழுதுங்கள்.

“கேஸ் எதுவும் இல்லை மேடம்”

அப்படித்தான் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். மண்டபத்தில் பெயரும் முகவரியும் எழுதி வாங்கினார்களா என்று யோசித்துப் பாருங்கள். சாயங்காலம் விட்டுவிட்டார்கள் என்பதற்காக வழக்குப் பதியவில்லை என்று அர்த்தம் இல்லை. அனுமதியில்லாமல் கூடியது, போக்குவரத்துக்கு இடையூறு என்று ஒரு முதல் தகவல் அறிக்கை போட்டு, ‘மற்றும் 40 பேர்’ என்று எழுதி மூடி வைத்திருப்பார்கள். சம்மன் வராததால் சம்பந்தப்பட்டவர்களுக்கே தெரியாது. தமிழ்நாடு காவல் துறை இணையதளத்தில் அந்தத் தேதி, அந்த நிலையம் போட்டுப் பார்க்கலாம். அங்கே கிடைக்கவில்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள்.

வழக்கு இருந்தாலும் பயம் வேண்டாம். நிலுவையில் இருக்கும் மறியல் வழக்கு உங்களைத் தகுதியிழக்கச் செய்யாது. அதை மறைப்பதுதான் சிக்கல். தோற்றுப்போனவர் தேர்தல் மனு போட நீங்களே காரணம் எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். குடிநீருக்காகப் போட்ட வழக்கை எழுதுவதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

வரி பாக்கிக்கும் இதே வைத்தியம். வீடு யார் பெயரில் இருக்கிறது என்று நீங்கள் சொல்லவில்லை. மாமியார் பெயரில் இருந்தால் அது உங்கள் பாக்கி ஆகாது. உங்கள் பெயரில் இருந்து, கேட்பு வந்து, கெடு தாண்டியிருந்தால் பரிசீலனை அன்று எதிராளியின் வக்கீல் முதலில் கைவைக்கும் இடம் அதுதான். சொத்து வரி, குடிநீர்க் கட்டணம், பாதாள சாக்கடைக் கட்டணம் எல்லாம் கட்டி ரசீதை ஃபைலில் வையுங்கள். மாநகராட்சியோடு உங்கள் பெயரில் ஏதாவது ஒப்பந்தம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். சங்கத்தின் பெயரில் பூங்காப் பராமரிப்பு எடுத்திருக்கிறோம் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடிதத்தில் கையெழுத்து யாருடையது, அதற்கு மாநகராட்சி பணம் தருகிறதா? அந்தத் தாளை நான் பார்க்கவேண்டும்.

சங்கச் செயலாளர் பதவி அரசுப் பதவி இல்லை. ராஜினாமா செய்யச் சொல்லிச் சட்டம் கேட்கவில்லை, உங்கள் சங்க விதிகள் கேட்கின்றனவா என்று பாருங்கள். ஆனாலும் விலகிவிடுங்கள் என்பதே என் யோசனை. காரணம் பணம். பராமரிப்புக்கு என்று 340 வீட்டில் வாங்கிய சந்தாவிலிருந்து ஒரு நோட்டீஸ் அடித்தாலும் உறுப்பினர் ஒருவர் சங்கங்களின் பதிவாளரிடம் போகலாம். கணக்குப் புத்தகத்தை இன்னொருவரிடம் ஒப்படைத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு வாருங்கள்.

15 லட்சம்

2022-ல் சென்னை தவிர்த்த மாநகராட்சிகளில் கவுன்சிலர் வேட்பாளர் செலவு செய்ய மாநிலத் தேர்தல் ஆணையம் வைத்த உச்சவரம்பு 85,000 ரூபாய். சென்னையில் 90,000. டெபாசிட் 4,000 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 2,000. அடுத்த தேர்தலில் தொகை கூடலாம். ஆனாலும் 15 லட்சத்துக்குப் பக்கத்தில் வராது. வட்டச் செயலாளர் கேட்பதற்கு ரசீது கிடையாது. சீட் கிடைக்காவிட்டால் எந்த நீதிமன்றத்திலும் போய்க் கேட்க முடியாது. கிடைத்தாலும், மாதம் 10,000 ரூபாய் மதிப்பூதியம் வரும் பதவியில் அந்தப் பணத்தை நேர்வழியில் எடுக்க 12 வருடத்துக்கு மேல் ஆகும். நேர்வழி இல்லாமல் எப்படி எடுப்பார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை, ஆறு வருடமாக அதற்கு எதிராகத்தானே மனு எழுதுகிறீர்கள்.

கட்சியே வேண்டாம் என்று சொல்லவில்லை. பணம் கேட்காமல், உங்கள் வேலையைப் பார்த்து ஒரு கட்சி கூப்பிட்டால் யோசியுங்கள். சுயேச்சையின் கஷ்டத்தைச் சின்னதாக நினைக்கக் கூடாது. 2022-ல் மனு வாபஸ் வாங்கக் கடைசி நாள் பிப்ரவரி 7. அதன்பிறகுதான் சுயேச்சைகளுக்குச் சின்னம் ஒதுக்கினார்கள். பிரசாரம் 17-ம் தேதி மாலையோடு முடிந்தது. உங்கள் சின்னம் என்ன என்று 9,000 பேருக்குச் சொல்ல உங்களுக்கு இருப்பது பத்து நாள். எதிரே நிற்பவரின் சின்னம் ஐம்பது வருடமாகச் சுவரில் இருக்கிறது. சென்னையின் 200 வார்டில் அந்தத் தேர்தலில் ஜெயித்த சுயேச்சைகள் ஐந்து பேர். அதனால் டெபாசிட் போனால் அசிங்கமா என்று கேட்காதீர்கள். 4,000 ரூபாய் போனது போனதுதான், அடுத்த நாள் டியூஷன் பிள்ளைகள் வந்துவிடுவார்கள்.

செலவுக்குத் தனியாக ஒரு வங்கிக் கணக்கு, அன்றன்று எழுதும் ஒரு நோட்டு. முடிவு வந்த 30 நாளுக்குள் கணக்கு கொடுக்க வேண்டும். தோற்றவரும் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் விட்டுத் தகுதிநீக்கம் ஆனவர்களில் தோற்றவர்கள்தான் அதிகம் என்பது என் அனுபவம். உங்கள் மேல் உள்ள பிரியத்தில் யாராவது தாங்களாக ஆட்டோ பிடித்து மைக் கட்டினால், உங்கள் எழுத்துபூர்வ அனுமதி இல்லாத அந்தச் செலவு, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 176-வது பிரிவில் குற்றம். அபராதம் 10,000 ரூபாய் வரை, அதுவும் அந்த நல்ல மனிதருக்கு. எனவே அனுமதிக் கடிதம் கொடுத்து, அதை உங்கள் கணக்கில் சேருங்கள்.

அப்புறம் அந்த வாட்ஸ்அப் குழு. தற்போதைய கவுன்சிலர் வடிகால் வேலையில் இத்தனை சதவீதம் வாங்கினார் என்று ஒரு செய்தி சுற்றுவதாக எழுதியிருக்கிறீர்கள், அதை நீங்களும் அனுப்பினீர்களாம். ஆதாரம் இருக்கிறதா? இல்லையென்றால் நிறுத்துங்கள். வேட்பாளரின் தனிப்பட்ட நடத்தை பற்றிப் பொய் என்று தெரிந்தோ, உண்மை என்று நம்பாமலோ தேர்தலைப் பாதிக்கப் பரப்புவது அதே சட்டத்தின் 175-வது பிரிவில் வருகிறது. வேலை எப்போது தொடங்கியது, எத்தனை மீட்டர் முடிந்தது, எங்கே நின்றது என்று போட்டோவோடு போடுங்கள். அதற்கு யாரும் வழக்குப் போட முடியாது, பதிலும் சொல்ல முடியாது. 612 பேரில் எத்தனை பேர் அந்த வார்டு வாக்காளர்கள் என்றும் ஒருநாள் எண்ணிப் பாருங்கள். வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு பெங்களூரில் இருப்பவர்களும் குழுவில் இருப்பார்கள்.

வாபஸ் கடைசி நாளன்று போனை எடுக்காதீர்கள் என்றுதான் என்னிடம் வரும் வேட்பாளர்களிடம் சொல்வேன். சொந்தக்காரர், பள்ளித் தலைமையாசிரியர், கோயில் கமிட்டி என்று யார் யாரோ பேசுவார்கள். வெற்றுத் தாளில் எதற்காகவும் கையெழுத்துப் போடாதீர்கள், முன்மொழிந்தவரையும் போடவிடாதீர்கள். மிரட்டல் வந்தால் எழுத்தில் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள்.

ஜெயித்துவிட்டால்

பாதாள சாக்கடையை முதல் வேலையாக முடிப்பேன் என்கிறீர்கள். முடியாது சகோதரி. அந்தத் திட்டம் உங்கள் வார்டில் தொடங்கி உங்கள் வார்டில் முடிவதில்லை. பணம் அரசிடமிருந்தும் கடனாகவும் வருகிறது. டெண்டர், ஒப்பந்தம், நிர்வாகம் எல்லாம் ஆணையர் கையில். மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை, கவுன்சிலர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். பெரும்பான்மை உள்ள கட்சியின் வார்டுகளுக்கு வேலை முதலில் போகும் என்பதைச் சட்டம் சொல்லவில்லை, ஆனால் தினமும் மண்டல அலுவலகம் போகிற உங்களுக்கு அது தெரியாததல்ல. நோட்டீஸில் ‘முடிப்பேன்’ என்று அடித்தால் இரண்டாம் வருடம் உங்கள் தெருவே உங்களை நிற்கவைத்துக் கேட்கும்.

கவுன்சிலரால் ஆகும் காரியங்களும் இருக்கின்றன. மன்றத்தில் கேள்வி எழுப்பி, பதிலை நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றலாம். மதிப்பீட்டில் போட்ட நீளத்தையும் தெருவில் போட்ட நீளத்தையும் டேப் பிடித்துப் பார்க்கலாம். குழாய் போட்டுத் தோண்டிய சாலையை மூடாமல் பில் போடுவதைத் தடுக்கலாம். உங்கள் கட்சி எது என்று பார்க்காத வேலை இது. இன்னொன்று, 2022-ல் வந்த விதிகளின்படி வார்டுக்கு ஒரு வார்டு குழுவும், வார்டுக்குள் பகுதி பகுதியாக மக்கள் கூடிப் பேசும் பகுதி சபையும் இருக்கின்றன. அந்த ஆண்டு நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தில் பல இடங்களில் பகுதி சபை கூடியது. வார்டு குழுவுக்குத் தலைவர் கவுன்சிலர்தான். உங்கள் வார்டில் அது கடைசியாக எப்போது கூடியது என்று தகவல் உரிமையில் கேளுங்கள். கூடவில்லை என்று பதில் வந்தால், உங்கள் நோட்டீஸின் முதல் வரி கிடைத்துவிட்டது. கூடுகிறது என்றால், தேர்தலுக்கு முன்னாலேயே போய் உட்காருங்கள்.

கேட்

இப்போது கேட். அந்தத் தெரு லேஅவுட் போட்டபோதே உள்ளாட்சிக்கு ஒப்படைக்கப்பட்ட பொதுச்சாலை என்று உங்கள் கடிதத்திலிருந்தே தெரிகிறது. மாநகராட்சிதான் தார் போட்டது, விளக்குப் போட்டது. பொதுச்சாலையை மூடிப் பூட்டுப் போட ஒரு நலச்சங்கத்துக்கு அதிகாரம் இல்லை. இரவு மட்டும்தான் என்றாலும் இல்லை. யாராவது புகார் கொடுத்தால் மாநகராட்சி அதை அகற்றலாம். தீர்மானத்தில் செயலாளராகக் கையெழுத்துப் போட்டவர் நீங்கள். பொதுச்சாலையை ஆக்கிரமித்தவர் என்று எதிர்த்தரப்பு ஒரே ஒரு நோட்டீஸ் அடித்தால் உங்கள் ஆறு வருட மனுக்கட்டு அடிபட்டுப் போகும்.

சட்டத்தை விடுங்கள். ஹவுசிங் போர்டில் எத்தனை வீடு என்று நீங்கள் எழுதவில்லை. உங்கள் நகரைவிட அதிகமாகத்தான் இருக்கும். அங்கிருந்து மில் ஷிப்ட் முடிந்து இரவு 11 மணிக்கு வரும் பெண், பஸ் ஸ்டாப்பிலிருந்து உங்கள் தெரு வழியாக வந்தால் ஐந்து நிமிடம். கேட் பூட்டியிருந்தால் மெயின் ரோட்டைச் சுற்றி, விளக்கில்லாத வாய்க்கால் கரை வழியே இருபது நிமிடம். இதுவும் உங்கள் கடிதத்தில் இருப்பதுதான். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்து சத்தம் போட்டதாகவும், “ரூல்ஸ்னா ரூல்ஸ்” என்று நீங்கள் சொல்லி அனுப்பியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். திருட்டுப் பயம் நியாயமானது. அதற்குக் கேமரா வைக்கலாம், ரோந்து கேட்கலாம், வாட்ச்மேன் போடலாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தைக் கூட்டி, கேட்டைக் கழற்றத் தீர்மானம் போடுங்கள். எதிர்ப்பு வரும். உங்களை நிற்கச் சொன்னவர்களே எதிர்ப்பார்கள். “அவங்க ஓட்டுக்காக எங்களை விட்டுக்கொடுத்துட்டீங்க” என்று குழுவில் போடுவார்கள். எத்தனை பேர் அப்போதும் கூட நிற்கிறார்கள் என்று பாருங்கள், 612-ஐவிட அந்த எண் உங்களுக்கு உதவும். அப்புறம் வாய்க்காலைத் தாண்டி அந்தப் பக்கம் போங்கள். ஓட்டுக் கேட்க வேண்டாம், நிற்கப் போவதையும் சொல்ல வேண்டாம். அங்கே தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, கக்கூஸ் கழிவு எங்கே போகிறது என்று நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். அந்தச் சத்தம் போட்ட அம்மா வீட்டில் ஒரு டீ கொடுத்தால் குடியுங்கள்.

என்னைப் பார்க்க வரும்போது அந்த நோட்டு, வாக்காளர் பட்டியலில் குறித்த வரிசை எண்கள், வரி ரசீதுகள், பூங்கா ஒப்பந்தத்தின் நகல் நான்கும் கொண்டு வாருங்கள். கணவரையும் கூட்டிக்கொண்டு வரலாம், வக்கீலைப் பார்ப்பதை நடத்தை விதிகள் தடுக்கவில்லை.